சாவு வீட்டில் சளி டப்பா

எங்கள் பகுதியில் என் மனைவிக்கு ‘நாக்கைத் தூக்கு அம்மா’ என்று பெயர். சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை. நோயாளிகளின் வீட்டுக்கே போய், கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்க வேண்டும். விழுங்கிய பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அவள் தலை மறைந்ததும் சாக்கடையில் துப்புகிற மகான்கள் உண்டு. அவர்களிடம் மட்டும் மாமியாரைப் பற்றி விசாரிப்பாள். வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டு மாமியாரைத் திட்ட எவராலும் முடியாதாம்.

நான் பூட்டு சாவிக் கடைக்காரன், முன்கோபி. அவளோ, நோயாளிகள் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினாலும் மறுநாள் அதே கதவைத் தட்டுவாள். “உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?” என்று கேட்டால், “அது இருந்தா இந்த வேலைக்கு ஆகாதுங்க” என்பாள்.

அப்படிப்பட்டவள் தன் தம்பி விஷயத்தில் கோட்டை விட்டாள். என் மச்சானுக்கு அந்த நோய் வந்ததும், மாத்திரை கொடுக்கும் பொறுப்பு அவளிடமே வந்தது. “ஏன்க்கா, என்னையுமா நாக்கைத் தூக்கச் சொல்லப் போற?” என்று முதல் நாளே சிரித்தான். கூடப் பிறந்தவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, அவன் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்துவிடுவாள். கொஞ்ச நாளில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. தேறிய பயல் மாத்திரையை விட்டுவிட்டான். எங்களிடம் மூச்சுவிடவில்லை. நோய் திரும்பி வந்தபோது அவனுக்குப் பாதி நுரையீரல்தான் மிச்சம்.

அவன் செத்த அன்று வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் மனைவி அழவில்லை. யார் யார் எந்த அறையில் படுப்பது வழக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆபீஸ் பையைத் திறந்து, பரிசோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாக்களை எடுத்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள்.

“காலையில எழுந்ததும் நல்லா இருமி இதுல எடுங்க பெரியப்பா.”

அந்த வீட்டிலேயே இருக்கும் அவள் பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. “பொணம் உள்ள கிடக்கு. இவளுக்கு இப்ப என் சளி கேக்குதா?”

“அவன்கூட ஒரே ரூம்ல படுத்தது நீங்களா, நானா? பேசாம வாங்கி வைங்க” என்று நான் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கே அவள்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது.

அவளுக்குக் கவலையெல்லாம் குழந்தையைப் பற்றி. மூன்று வயதுப் பெண். அப்பன் நெஞ்சில் படுத்தால்தான் தூங்கும். மச்சான் மனைவி மறுநாளே குழந்தையோடு வெளியூரில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாள். போய்விட்டால் பரிசோதனையும் இல்லை, மருந்தும் இல்லை. சின்ன உடம்பில் இந்த நோய் மூளைக்கு ஏறுவதை என் மனைவி பார்த்திருக்கிறாள்.

“ஒரு எக்ஸ்ரே, கையில ஒரு ஊசி, அவ்வளவுதான். நோய் இல்லன்னாலும், வராம இருக்க ஆறு மாசம் மாத்திரை கொடுத்தாகணும். அதுவரைக்கும் இங்கேயே இரும்மா” என்று அவளிடம் சொன்னாள்.

மச்சான் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “ஊர்ல எல்லார் வாயையும் பார்த்தீங்களே அண்ணி, உங்க தம்பி வாயை மட்டும் ஏன் பார்க்கல?”

 

“தப்புதான்” என்றாள் என் மனைவி. “என்னை என்ன வேணா சொல்லு. குழந்தையை மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடு.”

“காட்டறேன். ஆறு மாசமும் இருக்கேன். ஆனா நீங்க வரக்கூடாது. மாத்திரைய வேற யாராவது கொடுக்கட்டும். எனக்கு உங்க முகத்தைப் பார்க்க வேண்டாம். இவளும் பார்க்க வேண்டாம்.”

எங்களுக்குக் குழந்தை இல்லை. ‘அத்தை, அத்தை’ என்று என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது அது ஒன்றுதான். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சரி” என்றாள்.

கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் அந்த வீட்டை ஒப்படைத்தாள். “தண்ணியில கரைச்சுக் கொடு. டம்ளர்னா தள்ளிவிடுவா, பாட்டில் மூடியில கொடுத்தா குடிச்சிடுவா” என்று சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், தூங்கினாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்குத்தான் பயமாக இருந்தது.

“ஒரு தடவை அழுதுதான் தொலையேன்” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

“வரலைங்க. வந்தா அழமாட்டேனா?”

ஆறு மாசக் கெடு முடிந்ததும், மாத்திரை கொடுத்துவந்த அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். “அக்கா, நேத்தோட மாத்திரை முடிஞ்சுது. குழந்தை நல்லா இருக்கா. இன்னிக்குக் காலையில ஊருக்குக் கிளம்பிட்டாங்க.”

“நடுவுல ஒரு நாளாவது விட்டாளா?”

“இல்லக்கா.”

 “பாப்பா என்னைக் கேட்டாளா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.  “முதல்ல தினமும் கேட்டாக்கா. அப்புறம் கேக்கறதில்ல” என்றாள்.

“சரி, உக்காரு. டீ போடறேன்” என்று என் மனைவி உள்ளே போனாள்.

நாங்கள் இருவரும் ஊர்க் கதை பேசித் தீர்த்தோம். டீ வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைக்காமல், பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.