ஆனந்தி டீச்சரின் கடைசி வயல்

வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருக்கிறார் ஆனந்தி டீச்சர். கூடத்துப் பாயில் சம்மணமிட்டு, கீறல் விழுந்த கைபேசியை மூக்கருகே பிடித்தபடி, "டேய் ஷிஜு, என் தண்ணிய அடைச்சுப் போட்டயே, நல்லாருப்பியா நீயி?" என்று ஏழாம் வகுப்புப் பையனோடு மல்லுக்கு நிற்கிறார். பையன் சிரித்துச் சிரித்துப் பாயிலேயே சாய்ந்துவிடுகிறான்.

எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் மற்ற டியூஷன்காரர்கள் பிரம்பு வைத்திருக்கிறார்கள். இவர் வைத்திருப்பது ஒரு விளையாட்டு. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபின், பின்னக் கணக்கென்றால் பிள்ளைகள் மிரள்வதைப் பார்த்து அவரே செய்தது. திரையில் ஒரு வாய்க்கால்; ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு வயல். மேலே மூன்று ஏக்கர் வயல், நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. முறைவைத்து வரும் தண்ணீர் நாலு மணி நேரம்தான். ஏக்கருக்கு ஏற்ற பங்கைக் கணக்குப் போட்டு மடையைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் பேராசைப்பட்டால் அடுத்தவர் பயிர் காய்ந்துபோகும். கடைசி வயலை எப்போதும் டீச்சரே எடுத்துக்கொள்வார், தோற்கவும் செய்வார். மடை திறக்கும் சத்தத்துக்காக நிஜ வாய்க்காலுக்கே போய்ப் பதிவு செய்துவந்தாராம். பக்கத்து வீட்டில் இருக்கும் பாவத்துக்கு அதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை நானும் அங்கே இருந்தபோது சின்னையன் வந்தார், மகள் நர்மதாவை டியூஷனிலிருந்து நிறுத்திக் கூட்டிப்போக.

"ஏனுங்க டீச்சர், படிக்கறக்கு அனுப்புனா போனை நோண்ட உடறீங்க. இன்னியோட போதுமுங்க."

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. பின்னம் என்றாலே அழுகிற நர்மதா இப்போதுதான் வாய் திறந்து விடை சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"இந்த ஒரு ஆட்டம் முடியட்டுமுங்க" என்று மட்டும் கேட்டார் டீச்சர்.

சின்னையன் மகளின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். மேல் வயல் நர்மதாவுடையது. மடையை முழுக்கத் திறந்துவைத்து ஆனந்தமாக உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் வயல் வெடித்துக் கிடந்தது. சின்னையனின் நிஜ வயலும் கடைமடைதான். போகத்துக்குப் போகம் மேல்மடைக்காரர்களோடு சண்டை போடுகிற மனுஷர். சுர்ரென்று ஏறிவிட்டது அவருக்கு. போன் சங்கதியே மறந்துபோயிற்று.

"ஏம்புள்ள, நம்ம ஊட்டுல பொறந்துட்டு அடுத்தவன் தண்ணிய அமுக்கறயா? கடைமடைக்கு எத்தன சேருமோ அத்தன உட்டுப்போட்டு மறுசோலி பாரு."

நர்மதாவின் உதடுகள் அசைந்தன. "மொத்தம் ஆறு ஏக்கருங்கப்பா. கடைசி வயலு ஒண்ணு. அப்ப ஆறுல ஒரு பங்கு. நாலு மணி நேரத்துல... நாப்பது நிமிசமுங்க."

சொல்லிவிட்டுத் தன் மடையை மூடினாள். டீச்சரின் வயல் மெல்லப் பச்சை பிடித்தது.

சின்னையன் தன் விரல்களில் எண்ணிப் பார்த்தார்; கணக்குச் சரியாக வந்தது. பிறகு தோள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வயல எனக்குக் குடுங்க டீச்சர். இவ மறுக்கா அமுக்கறாளான்னு பாக்கறன்."

டீச்சர் தன் கைபேசியைத் துப்பட்டாவில் நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.