சுறா வெந்த தண்ணீர்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் டாக்டர் பேச்சை மாற்றினார். அதுவரை பருப்பைக் குறை, மீனைக் குறை என்றவர், இனிமேல் புரதம் நிறையச் சாப்பிட வேண்டும், இரத்தத்தில் அது இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. நேற்று வரை ஆகாது என்றது இன்றைக்கு எப்படி ஆகும் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை புரதத்தில் எது நடந்தாலும் நான்தான் பொறுப்பு.

நான் காரைக்காலில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இறால் தீவனம், பருப்பு, சத்துமாவு, கருவாடு எல்லாம் பொடியாகி என் மேசைக்கு வரும். பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கந்தக அமிலம் ஊற்றிச் சூடேற்றினால் முதலில் கரியாகக் கறுக்கும். பிறகு மெல்லத் தெளிந்து பச்சையாகும். எந்த உணவாக இருந்தாலும் முடிவில் அதே பச்சைதான். அதில் காரத்தைச் சேர்த்து நீராவி பாய்ச்சினால் உள்ளே இருந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். அதைப் பிடித்து அளந்து ஆறேகாலால் பெருக்கினால் புரதம் எவ்வளவு என்று வந்துவிடும். ஆக, நாங்கள் புரதத்தைப் பார்ப்பதே இல்லை. பக்கத்து வீட்டில் புகை வந்தால் சமையல் நடக்கிறது என்று நினைக்கிற மாதிரிதான். குப்பை எரித்தாலும் புகை வரும்.

சுறா விஷயத்தில் அப்படித்தான் ஆகும். அதன் சதையில் இயற்கையாகவே யூரியா ஊறிக் கிடக்கிறது. யூரியாவிலும் நைட்ரஜன் இருப்பதால் எங்கள் கணக்கு அதையும் சேர்த்துப் புரதம் என்று சொல்லிவிடும்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு, வெங்காயம் பூண்டோடு வதக்குவது. பிழியும்போது யூரியாவில் பெரும்பகுதி போய்விடும். அதனால் அப்பாவுக்குச் செய்து கொடுக்கலாமா என்று அம்மா கேட்டபோது, டாக்டரிடமும் விசாரித்துவிட்டுச் சரி என்றேன். அவள் எங்கள் ஊரான பூவத்திலிருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறி வந்து மீன் வாங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அப்பா கையில் ஒரு டம்ளர் இருந்தது. மிளகு மிதந்தது. சுறா வெந்த தண்ணீர்.

"சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுமேன்னு கீழ ஊத்தாம வச்சேன்டி. அவருக்குத்தான் சத்து பத்தலைங்குறாங்களே" என்றாள் அம்மா.

டம்ளரைப் பிடுங்கினேன். எனக்குக் கோபம் முதலில் வரும், அழுகை அப்புறம்தான் வரும்.

"அவரு பச்சத் தண்ணியே அளந்துதான் குடிக்கணும். இதுல இருக்குறது யூரியாம்மா! அந்த மெஷின்ல வச்சு அவரு ஒடம்புலேர்ந்து எடுக்குறதே அதைத்தான்."

அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்: "வயலுக்குப் போடுறோமே, அந்த யூரியாவா?"

"அதேதாம்பா."

"நெல்லு ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல. எனக்குத்தான் ஒத்துக்கல" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் சொன்னதை நம்பவும் இல்லை.

அதற்காகவே அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதித்தேன். வழக்கமான கணக்குப்படி அருமையான சூப். பிறகு வேறொரு அமிலம் விட்டு, நிஜமான புரதத்தை மட்டும் திரிய வைத்து வடிகட்டி அளந்தேன். பெயருக்குக் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பியதுதான் வம்பாகிவிட்டது.

அதன்பின் அந்த வீட்டில் சுறா மட்டுமில்லை, மீன் என்பதே நுழையவில்லை. தண்ணீர்தான் தப்பு, மீன் தப்பில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அம்மா கேட்கவில்லை. கையால் விஷத்தைக் கொடுத்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டையின் வெள்ளைக் கரு மட்டும் அவித்து வைப்பாள். அப்பாவுக்கு அதைக் கண்டாலே குமட்டியது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் புரதம் இன்னும் இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் நிற்காமல் நழுவியது.

போன மாதம் அவரே வாய்விட்டுக் கேட்டார். "ஒரு தடவ அந்தப் புட்டு பண்ணேன்."

நானும் அன்றைக்கு வீட்டில் இருந்தேன். அம்மா வேகவைத்த சுறாவைப் பிழிந்தாள். துணியில் கட்டி மறுபடி பிழிந்தாள். நாராகப் போனதை வதக்கி, ஆறவைத்து, அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அப்பா இரண்டு வாய் எடுத்தார்.

"நல்லாருக்கு" என்றார். பிறகு தட்டை நகர்த்தினார். "வாய்க்குப் புடிக்குது. உள்ளதான் போக மாட்டேங்குது."

அம்மா தட்டோடு அடுப்படிக்கு வந்து, அவர் காதில் விழாமல் என்னைக் கேட்டாள். "அவரு தின்ன ரெண்டு வாயில எவ்ளோடி இருக்கும்?"

எனக்குத் தெரியும். தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு வேண்டியதில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வேலையில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

"இன்னிக்கு வேணுங்கிறது உள்ள போயிடுச்சும்மா" என்றேன்.

"நெசமாவா?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.