ஃபிலோமினாவின் நட்சத்திரத்துக்காகப் பாண்டிக்கு ஒரு நாள்

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு ஜூலை. ஃபோனில் சொல்ல மனசு வராத செய்தியோடு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கூடப் படித்த ஃபிலோமினா முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்து தீசிஸை முடித்துக்கொண்டிருந்தாள். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் இளம் நட்சத்திரங்களைத் தேடுவது அவள் வேலை. இளசுகள் எக்ஸ்ரேயை வாரி இறைக்கும். செயற்கைக்கோள் வானம் முழுக்க எடுத்த எக்ஸ்ரே சர்வேயில் அப்படித் தெரிவதைப் பிடித்து, வயசானால் எரிந்து தீர்ந்துபோகிற லித்தியம் மிச்சமிருக்கிறதா என்று தொலைநோக்கியில் பார்க்கணும். இருந்தால் இளசு. அவளுடைய முக்கியமான நட்சத்திரத்தை அவளுக்காக நான்தான் பார்த்துவிட்டு வந்தேன். லித்தியம் துளிகூட இல்லை.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் நூற்றைம்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அங்கேதான். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். "முத்தியால்பேட்டை என்ன மெட்ராஸ்லயா இருக்கு?" என்றேன். "சரி ஏறுக்கா, அம்பது குடு" என்றார்.

வாசலிலேயே கொட்டிவிட்டேன். அவள் முகம் செத்துப்போச்சு. "அடுத்த வாரம் தீசிஸ் குடுத்தாதான்டி பாரிஸ் வேலை."

"அந்த ஒன்ன எடுத்துட்டுக் குடுத்துடு."

"அது போனா தீசிஸ்ல என்னடி இருக்கு?"

அவள் அம்மா ஆசையாக வைத்த மீன் குழம்பு இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

வானத்துப் படத்தை இன்னொரு தடவை பார்க்கணும் என்றாள். பிரௌசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. பிரெஞ்சுக்காரன் போயும் அவன் மதியத் தூக்கம் போகாத ஊர்! ஒரு மணிக்குச் சாத்தினால் நாலுக்குத்தான் திறப்பார்கள். பூங்காவில் மர நிழலில் காத்திருந்தோம். திடீரென்று அவள், "எக்ஸ்ரே எந்த எடத்துலேர்ந்து வந்துச்சுன்னு அந்த சர்வேல சுமாராத்தான தெரியும்?" என்றாள்.

நாலு மணிக்குப் படம் அங்குலம் அங்குலமாகத் திரையில் இறங்கியது. எங்கள் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக, சிவப்பாக ஒரு பொடிசு. பளிச்சென்று இருந்ததைப் பார்த்து இரண்டு பேருமே ஏமாந்திருக்கிறோம்.

"எக்ஸ்ரேல கத்துனது இது. நாம பக்கத்து வீட்டுக்காரனப் புடிச்சு வெச்சிருக்கோம்," என்றாள்.

"தொலைநோக்கில இதப் பாக்க நேரம் கெடைக்க ஒரு வருஷம் ஆகும்," என்றேன். " பாரிஸ் போயிடும். இதுலயும் லித்தியம் இல்லன்னா?"

"போனாப் போவுது. தெரியாம எப்படிடி எழுதறது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பைத்தியக்காரி.

அந்த சென்டர் இப்போது செல்ஃபோன் கடை. கடந்து போகும்போதெல்லாம் அந்த வயசு மேல் ஏக்கமாக இருக்கும். பாண்டி போகிறவர்கள் கடை வேலையை ஒரு மணிக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் நிழலில் உட்காருங்கள், கெட்டுப்போகாது.

பாரிஸ் வேலை வேறு யாருக்கோ போனது. அடுத்த வருஷம் தொலைநோக்கிக்கு அவளே போனாள். ஒரு காலையில் ஆபீஸுக்கு ஃபோன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"இருக்குடி," என்றாள்.

எல்லோரும் பார்க்கப் பார்க்க அழுதுவிட்டேன்.