கணுக்கால் வரை ஒரு லோலிடா கவுன்

லோலிடா கவுன் என்பது ஜப்பான் பெண்கள் போடுவது. பொம்மை உடுப்பு மாதிரி முழங்காலோடு குடையாக விரிந்து நிற்கும். கடையில் வாங்க எனக்கு வக்கில்லை. செங்கல்பட்டில் எடுத்த கட்பீஸ் துணி, பழைய தலையணை உறையில் பிரித்த லேஸ், உள்ளே விறைப்புக்குக் கிழிந்த கொசுவலை. எல்லாவற்றையும் அம்மாவின் சிநேகிதியான டெய்லர் அக்காவிடம் கொடுத்து, முழங்கால் வரைதான் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மாமல்லபுரம் கடற்கரையில் தோழிகள் காத்திருந்த காலையில் அக்காவின் கடைக்குப் போய்ப் பார்த்தால், கவுன் கணுக்கால் வரை தொங்கியது. என் கனவை நைட்டியாக்கி வைத்திருந்தார். ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "இன்னா பண்ற? வை கீழ. முட்டி தெரிஞ்சா உங்கம்மா என்னத்தான் ஏசும்." முழங்காலருகே லேஸுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த நூல் முனையைக் காட்டினார். "வெறும் ஓட்டுத்தையல்தான். மாபலிபுரத்துல எறங்கனதும் இத்த இழு, கீழ்த்துணி கயண்டு வந்துடும். திரும்பி வரச்சொல்ல தச்சிக்கினு வா."

வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை முழங்காலில் வந்து நின்றது. நூல் முனையைக் கையால் மறைத்தேன்.

"நூல மெதுவா இழு," என்றாள். "லேஸு பிஞ்சிடப் போவுது."