அக்கா கதைக்குப் பூ கேட்டது

அக்கா எழுதிய கதையில் ஒரு ரவுடிப் பையன் இருந்தான். ஏதோ ஒரு வருங்கால நகரம். எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் காரணமே இல்லாமல் அடிப்பான். அரசாங்கம் அவனைப் பிடித்து, உள்ளங்கைத் தோலுக்கு அடியில் ஒரு சில்லு வைத்துத் தைத்துவிடுகிறது. அதன் பிறகு அவன் முஷ்டியை மடக்கினால் விரல்கள் தாமாகவே விரிந்துகொள்ளும். எவ்வளவு நல்ல பிள்ளை என்று ஊரே மெச்சுகிறது. கடைசியில் அவன் கையைக் கீறி அந்தச் சில்லை எடுத்து எறிகிறான். எதிரே, தைத்துவிட்ட டாக்டர் நிற்கிறார். முஷ்டி மடங்குகிறது. அவ்வளவுதான் கதை.

அடித்தானா இல்லையா என்று அக்கா எழுதவில்லை. எட்டு வயதில் எனக்கு அது மண்டையைக் குடைந்தது. பள்ளிப் பேருந்தில் உட்கார்ந்து என் விரல்களையே மடக்கி மடக்கி விரித்துப் பார்ப்பேன். "அடிக்கவே முடியாதவன் எப்படிக்கா நல்லவன் ஆவான்?" என்று ஒருநாள் கேட்டேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "எக்ஸாக்ட்லி! அதுதான்டி கதையே" என்றாள். அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்காவின் ஆங்கில ஆசிரியை அந்தக் கதையை மாநிலப் போட்டிக்கு அனுப்ப ஆசைப்பட்டார். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் வந்தது வினை. ஃபிரிஸ்கோவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்கள் கிரீன் கார்டு வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அது கெட்டுவிடக் கூடாதென்று அப்பா ஃப்ரீவேயில் ஆமையாகப் போவார். பக்கத்து வீட்டு நாய் எங்கள் புல்லில் அசிங்கம் செய்தாலும் சிரித்துக் கையாட்டுவார். எங்கோ ஓர் அதிகாரி நம் பிள்ளைகளின் வீட்டுப்பாடங்களை ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனதார நம்பினார்.

"பேரோட ஆன்லைன்ல வரும். கத்தி, ரத்தம், கவர்மென்ட் மேல கோவம்... பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? அவன் திருந்தி காலேஜ் போனான்னு முடிச்சுரு கண்ணு, இப்பவே சைன் பண்ணித் தர்றேன்" என்றார்.

"அப்பா, இட்ஸ் ஃபிக்‌ஷன்! அவனைத் திருத்தி வச்சா அப்புறம் அந்த டாக்டருக்கும் எனக்கும் என்ன டிஃபரன்ஸ்?" என்று கத்திவிட்டு அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி எழுதவே மாட்டேன் என்று உள்ளிருந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அவள் எழுதாவிட்டால் அந்தப் பையன் அடித்தானா என்று யாரிடம் கேட்பது?

இவ்வளவுக்கும் அம்மா வாயே திறக்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கதையைப் படித்தாளா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "ஏங்க, எதுக்கு வீணா சண்டை? சாமிகிட்டயே பூ கேட்டுருவோம்" என்றாள்.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் சனம் பெண் எடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை பூ கேட்டுத்தான் முடிவு செய்யும். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கதை அப்படியே போகும். சிவப்பு வந்தால் பையன் காலேஜ் போவான். அப்பா உடனே ஒப்புக்கொண்டார். "ஒரு ஃப்ளவரா டிசைட் பண்ணும்?" என்று முறைத்தபடி அக்காவும் வந்து நின்றாள்.

கோட்டு மாட்டுகிற அலமாரிதான் எங்கள் சாமி அறை. அலுமினியத் தாளில் மடித்த இரண்டு பொட்டலங்களை அம்மா குலுக்கிப் போட்டாள். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். இடது பக்கம் போன கையைக் கடைசி நேரத்தில் மாற்றி வலது பக்கத்தை எடுத்தேன். அப்பா பிரித்தார். வெள்ளை. சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவைத் தேடிக்கொண்டு போனார். அக்கா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். நான் அல்லவா எடுத்தேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் போன பிறகு, கை சும்மா இருக்காமல் இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

அடுக்களைக்கு ஓடினேன். "ஏம்மா ரெண்டுலயும் வெள்ளை? அப்ப நான் எதை எடுத்திருந்தாலும் ஒண்ணுதானா?"

அம்மா பூவை என் கையிலிருந்து வாங்கி என் தலையிலேயே செருகினாள். "கடைல செவப்பு கெடைக்கல சாமி. அப்பாகிட்டச் சொல்லாத, போ."

திரும்பி வந்து பார்த்தால், முருகன் படத்துக்கு மேலே ஒரு சிவப்புப் பூ, ஈரம்கூடக் காயாமல் இருந்தது. கடையில் கிடைக்காத பூ இவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறதே, முருகன் பெரிய ஆள்தான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு வெகு காலம் பிடித்தது.