கிணற்றடி மாமரத்துக் காய்கள்

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது சொன்னதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு காரியத்தைக் கெடுத்தால், "ம்யூர் பண்ணிட்டான்" என்போம். வெளியாருக்கு விளங்காது. விளக்க வேண்டுமானால் ஐம்பத்தேழாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது நான் மாங்காய் அழுகாமல் காக்கிற ஆபீசில் வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள், அப்படி ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரில் கொடியை இறக்கிவிட்டுப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உழவர்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டைப் பிடித்து, பறித்த மாங்காயும் தக்காளியும் எத்தனை நாள் நோய் பிடிக்காமல், வாடாமல் இருக்கும், அதற்கு என்ன செய்யலாம் என்று பரிசோதனை நடத்தினார்கள். காலையில் போனதும் தட்டுத் தட்டாகப் பார்த்து, மோந்து, காம்புப் பக்கம் விரலால் லேசாக அழுத்தி, எதில் கரும்புள்ளி விழுந்திருக்கிறது, எது நிறம் மாறுகிறது என்று அதிகாரிக்குச் சொல்வது என் வேலை. மாங்காயை மோந்து பார்க்கிறதுக்குச் சம்பளமா என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே கேலி பண்ணியது. உங்க வீட்டு ஆம்பளைங்க சும்மாதானே மோந்துக்கிட்டுத் திரியறாங்க, எனக்காவது சம்பளம் வருது என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அந்த மூக்கை வைத்தே பிழைத்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள்.

அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். எதற்கும் குரல் உயர்த்த மாட்டார். ஆனால் மாங்காயைத் தொப்பென்று யாராவது போட்டுவிட்டால் அவருக்கே அடி பட்டது போல முகம் சுருங்கிவிடும். தோலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், நோய் அந்த வழியாகத்தான் உள்ளே போகும் என்பார். காம்போடு பறிக்கணும், தலைகீழாக வைத்துப் பாலை வடிக்கணும், கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் முக்கி எடுத்து ஆற வைக்கணும், பிறகுதான் அறைக்குள் அடுக்கணும். இன்னொரு சட்டமும் உண்டு. பழுத்தது ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பழத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி கிளம்பி, பக்கத்தில் இருக்கிற காயையெல்லாம் பழுக்க வைத்துவிடுமாம். அந்த அறை கனத்த சுவர் வைத்த, சில்லென்ற அறை. ஜன்னலில் நனைந்த வெட்டிவேர்த் தட்டி. சித்திரை வெயிலில் அதற்குள் போனால் வெளியே வர மனசே வராது.

அந்த வருஷம் அண்ணன் வருவதாக இருந்தது. அண்ணன் சொல்தா, பிரெஞ்சுக்காரனுக்குச் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து முதலில் சைகோன், அப்புறம் அல்ஜீரியா. போனவன் போனவன்தான், எட்டு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு தரம் லீவு கிடைத்துக் கடைசி நேரத்தில் இல்லை என்றாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மாம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையை வீசினான். அது முளைத்தது. அம்மா அதைப் பிடுங்க விடவில்லை. மரமாகி இரண்டு வருஷமாகக் காய்த்தும் விட்டது. அவன் வந்து தின்ன பிறகுதான் என் வாயில் வைப்பேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். விரதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுத்ததையெல்லாம் தெருவுக்கே கொடுப்பாள், தான் ஒரு கதுப்பு தொட மாட்டாள்.

தெரு என்ன சொல்லும்? அந்தப் பழம் நாரும் புளிப்புமாகப் பல்லைக் கூச வைக்கும். எல்லாரும் வாங்கித் தின்றுவிட்டு, "தேன்தான் போங்க" என்றார்கள். நானும் தேன் என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எட்டு வருஷமாகப் பிள்ளை முகம் பார்க்காதவளிடம் புளிக்குது என்று எந்த வாய் சொல்லும்?

அண்ணனுடைய கப்பல் ஆடி பிறந்த பிறகுதான் பம்பாய் வந்து சேரும் என்று தெரிந்தது. மரத்தில் கடைசிக் காய்கள் ஆனியிலேயே முற்றிவிட்டன. அம்மா ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றாள். "ஊரு மாங்காயெல்லாம் காப்பாத்துறியே, உங்கண்ணன் மாங்காய காப்பாத்தித் தர மாட்டியா?" என்றாள். மறுநாளே அதிகாரியிடம் கேட்டேன். நாட்டுக் காய் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க ஒரு பெட்டி வேண்டும்தான், கொண்டாங்க என்றார். அம்மாவே தொரட்டியும் வலையும் வைத்துக்கொண்டு ஒரு காயும் தரையில் படாமல் பறித்தாள். பாலை வடித்து, வெந்நீரில் முக்கி, அறையின் உள்சுவரை ஒட்டி, குளிர்ச்சி அதிகமான இடத்தில் நானே அடுக்கினேன். காய்கள் கல்லு மாதிரிப் பச்சையாகவே இருந்தன. தினமும் சாயங்காலம் நான் படியேறும்போதே அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன், அவள் போய் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். எல்லாரும் அவரை முசே என்போம், பிரெஞ்சில் ஐயா மாதிரி. தமிழில் ஆரம்பித்துப் பிரெஞ்சில் முடிப்பார். புதிதாக ஓர் உதவியாளரும் சேர்ந்திருந்தார். என் வயசுதான், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பிரெஞ்சில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் பதினாலு ஜூலை, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். முசேவுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெரிய பண்டிகை, கோட்டை வெளுக்கப் போட்டிருந்தார், வாங்கப் போகிற அவசரம். பழுத்துவிட்ட கூடை ஒன்றைக் காட்டி, "இந்தக் கூடை ம்யூர், பார்த்து வச்சிடுங்க" என்று லிசேக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் அப்போது தக்காளித் தட்டுகளோடு பின்கட்டில் இருந்தேன்.

ம்யூர் என்றால் பிரெஞ்சில் பழுத்தது. ம்யூர் என்றால் சுவரும்தான். எழுதினால் பழத்துக்கு மட்டும் எழுத்தின் தலையில் ஒரு தொப்பி இருக்கும். வாயால் சொன்னால் தொப்பி ஏது? கூடையில் இருந்ததோ தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுத்துவிடுகிற ஜாதி. லிசேக்காரர் அந்தக் கூடையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் உள்சுவரோரம், அம்மாவுடைய பெட்டியை ஒட்டி வைத்து, கதவை இறுகச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததுமே வாசனை மூக்கில் அடித்தது. பெட்டியில் பாதிக்கு மேல் மஞ்சள் ஏறிவிட்டிருந்தது. அண்ணன் கப்பலோ இன்னும் கடலில். நான் கத்திய கத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் வச்சது, எந்தப் புண்ணியவான் வச்சது? லிசேக்காரர் முன்னால் வந்து, முசேதானே சுவரோரம் வைக்கச் சொன்னார் என்றார். முசே, நான் பழம்னுதானே சொன்னேன் என்றார். ரெண்டு பேரும் ம்யூர், ம்யூர் என்று மாறி மாறிச் சொன்னதில் அதிகாரி திகைத்துப்போய் நின்றார். விஷயத்தை நான்தான் விளக்கினேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, "பழத்துக்கும் சுவத்துக்கும் ஒரே வார்த்தைங்களா? அப்பறம் எப்படிங்க இத்தனை காலம் இந்த ஊரை ஆண்டாங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வரவில்லை. லிசேக்காரரை என்னென்ன சொன்னேனோ. கண்ணு பழத்துல இல்லையா, சுவத்துல முட்டிக்கவா உங்களைப் படிக்க வச்சாங்க என்றெல்லாம் கேட்டேன். அவர் காதுமடல் இரண்டும் சிவந்து நின்றார். சாயங்காலம் வீட்டுக்குக் கால் எழும்பவில்லை எனக்கு. நான் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா வாசலில் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எல்லாமே போச்சா என்று மட்டும் கேட்டாள். இல்லை, கொஞ்சம் பச்சை இருக்கு என்றேன். அந்த ஆளை நான் திட்டிய கதையைச் சொன்னதும், "விடுடி, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே" என்றாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

லிசேக்காரர் மிச்சம் இருந்த பச்சைக் காய்களைத் தனியே எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், அறையின் கடைசி மூலையில் வைத்தார். தட்டியைத் தன் கையாலேயே நனைத்தார். தினமும் என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார், தன் மூக்கை நம்ப மாட்டார். ஒன்றில் காம்புப் பக்கம் கறுப்பு விழுந்தது, எடுத்து எறிந்தோம். இன்னொன்று நிறம் மாறியது, வெளியே கொண்டுபோனோம். ஒவ்வொன்றாகக் குறையக் குறைய என் கோபமும் குறைந்தது. மனுஷன் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காப்பது போல அல்லவா காத்தார். அண்ணன் வருகிற அன்றைக்கு ஒரே ஒரு காய்தான் மிச்சம், அதுவும் பழுத்துத் தோல் சுருங்கியிருந்தது. அதைத் துணியில் சுற்றி, வீடு வரைக்கும் கையில் ஏந்திக்கொண்டு வந்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அண்ணன் வந்தான். கறுத்து, மெலிந்து, மீசை வைத்துக்கொண்டு, அடையாளமே தெரியவில்லை. கிணற்றடியில் குளித்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அம்மா பழத்தைக் கழுவிக் கையில் கொடுத்தாள். ஒரு கதுப்பை அறுத்து அவளுக்கென்று தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கடித்துத் தின்றான். நாங்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்த மரத்துப் பழம்மா இது?" என்றான்.

"நீ போட்ட கொட்டைடா. ஊருக்குப் போறதுக்கு மொத நாள் போட்டது."

"நானா? ஞாபகமில்லையேம்மா."

அம்மாவின் முகம் ஒரு நொடி விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷமாக ஒருத்தி தண்ணீர் ஊற்றுகிறாள், இவனுக்கு ஞாபகமில்லையாம். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அண்ணன் கொட்டையை வெள்ளையாகச் சப்பி முடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினான். அது நேராகப் போய் மரத்து அடியில் விழுந்தது.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இப்படித்தான்டா. அன்னைக்கும் இப்படியேதான் போட்டே" என்றாள். பிறகு தட்டில் இருந்த கதுப்பை எடுத்து, முதல் தடவையாக வாயில் வைத்தாள். வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, புளிக்குதே! தேனு தேனுன்னு சொன்னீங்களேடி எல்லாரும்!"

புளிக்குது, புளிக்குது என்று சொல்லிக்கொண்டே தோலைக்கூட விடாமல் தின்றாள்.