ரோஷக்கார முயல்

ஆரணிச் சந்தையில் முயல் விற்றவருக்குத் தரையில் குப்புறப் படுத்து முயலின் முகத்தைப் பார்க்கிற பழக்கம். சட்டை முழுக்க மண். அவரிடம் வாங்கிய முயல் என் மகளைக் கடித்துவிட்டது. கூடையோடு போய்க் கத்தினேன்.

"திரும்ப எடுத்துக்கோ. இல்லன்னா இன்னிக்கே கொழம்பு."

படுத்தபடியே கூடைக்குள் பார்த்தார்.

"கொழந்த தூக்கிகினே இருந்துச்சா?"

"ஆமா. இதுகூடப் பொறந்தத பக்கத்து வீட்டுல மடியிலயே வச்சிகினு கீறாங்க. அது சும்மாதான கீது?"

"அது வேற, இது வேற. இது ரோஷக்காரி, உங்கள மாதிரி. பக்கத்துல சும்மா உக்காரச் சொல்லுங்க. அதுவா வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரையே கடித்திருப்பேன். ஆனாலும் கூடையை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

ஒன்பதாம் நாள் முயல் தானாக வந்து மகளின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்தது. அவள் அசையவில்லை. அது எழுந்து போகும்வரை நானும் சத்தம் போடும் என் தறியை ஓட்டவில்லை.

நன்றி சொல்ல இரண்டு முறை சந்தைக்குப் போனேன். வாய் வரவில்லை. கூடை இல்லாமல் வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும்.